யு.எஸ்.பி. கேசட் பிளேயர்: விலை இறங்கியிருக்கிறது, வேகம் இறங்கவில்லை

ஆன்லைனில் ஏழெட்டுப் பெயர்களில் விற்கும் அந்தக் கையடக்க யு.எஸ்.பி. கேசட் பிளேயரின் விலை இறங்கியதிலிருந்து நண்பர்கள் குழுவில் இதே கேள்விதான். “மக்கா, வாங்கலாமாடே? பரண்ல ஒரு பெட்டி நெறைய கேசட் கெடக்கு.” கேட்பவர் தக்கலையில் இருந்தாலும் சரி, துபாயில் இருந்தாலும் சரி, தேவை ஒன்றுதான். கேசட்டில் இருக்கும் பழைய பாட்டைக் கோப்பாக்கிக் குழுவில் போட வேண்டும், போட்டதும் நாலு பேர் அதைப் பற்றிப் பேச வேண்டும். மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் பெல்ட்டை மாற்றி மறுபடி ஓடத் தொடங்கியிருக்கும் கருவியை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் எழுதுகிறேன். இரண்டு பென்சில் பேட்டரி, ஹெட்ஃபோன் துளை, யு.எஸ்.பி. வயர் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அதெல்லாம் வேண்டாம், நேரே வேகத்துக்கு வருகிறேன்.

இந்தக் கருவி கேசட்டைச் சரியான வேகத்தில் ஓட்டாது. பெட்டியிலிருந்து எடுத்த அன்றும் ஓட்டாது, பெல்ட் மாற்றிய பிறகும் ஓட்டாது. கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர வேண்டும். இந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று சதவீதம் வேகமாகத்தான் வருகின்றன. மூன்று சதவீதம்தானே என்று தோன்றும். ஆறு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடினாலே சுருதி அரைக் கட்டை, அதாவது கீபோர்டில் பக்கத்துக் கட்டைக்கு, ஏறிவிடும். அப்படியானால் மூன்று சதவீதம் என்பது கால் கட்டை. எந்தக் கட்டையிலும் சேராத இடத்தில் பாட்டு போய் நிற்கும். டி.எம். சௌந்தரராஜன் குரல் கொஞ்சம் மெலிந்து வாலிபக் குரலாகும். சுசீலா குரலில் ஒரு அவசரம் தொற்றும். தனியாகக் கேட்கும்போது சிலருக்குத் தெரியாது. குழுவில் போட்டால் தெரிந்துவிடும், ஏனென்றால் நம் குமரி மாவட்டத்தில் எந்தப் பாட்டுக் குழுவை எடுத்தாலும் சர்ச் கொயரில் கீபோர்டு வாசிக்கும் ஆள் ஒருவராவது உள்ளே இருப்பார். பாட்டு ஏறிய ஐந்தாவது நிமிடம் அவரிடமிருந்து வரும்: “இது எஃப்புக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவுல நிக்கி. எங்கெருந்து எடுத்த?” அதன் பிறகு பாட்டைப் பற்றி யார் பேசுவார்கள்? பேச்சு முழுக்கச் சுருதியைப் பற்றித்தான்.

அவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தக் காலத்து ஒலிப்பதிவெல்லாம் இன்றைய கீபோர்டின் சுருதிக்குச் சரியாக உட்காரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆர்மோனியம் எங்கே நின்றதோ அதுதான் சுருதி. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்பது சந்தேகத்துக்கு இடம் தரும், அதை வைத்தே தீர்ப்பு எழுத முடியாது. தீர்ப்புக்கு அளவு வேண்டும்.

அளக்க இரண்டு வழி உண்டு.

முதல் வழி, சோதனைக் கேசட். நல்ல கேசட் டெக் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், கணினியில் 3000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை உருவாக்கி ஒரு கேசட்டில் பத்து நிமிடம் பதிந்து தரச் சொல்லுங்கள். அதை இந்தக் கருவியில் ஓட்டி, போனில் ஏதாவது டியூனர் செயலியைத் திறந்து பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் கூடினால் ஒரு சதவீதம் வேகம். 3090 காட்டினால் மூன்று சதவீதம். பத்து நிமிடமும் பாருங்கள், முதல் நிமிடத்தோடு நிறுத்தாதீர்கள். எண் ஒரே இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் ஆடும். ஆட்டத்தின் நடுப்புள்ளியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது வழிக்குச் சோதனைக் கேசட் வேண்டாம். அதே பாட்டை இசை நிறுவனமே இணையத்தில் வெளியிட்டிருந்தால் அதை எடுத்து, பாட்டின் முதல் தபேலா அடியிலிருந்து கடைசியில் தெளிவாகக் கேட்கும் ஏதாவது ஓர் அடி வரை எத்தனை விநாடி என்று இரண்டிலும் அளக்கவும். மொத்த நீளத்தை ஒப்பிடக் கூடாது, முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடம் ஒவ்வொரு பதிப்பிலும் வேறாக இருக்கும். அவர்களுடையது 200 விநாடி, நம்முடையது 194 என்றால் 194-ஐ 200-ஆல் வகுக்க வேண்டும். 0.97 வரும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் திருத்த மென்பொருளில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, பெருக்கும் எண் இருக்கும் கட்டத்தில் இந்த 0.97-ஐப் போட வேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளையும், காலப்பிரமாணத்தை மட்டும் மாற்றும் கட்டளையும் பக்கத்திலேயே இருக்கும். அவற்றைத் தொடவே வேண்டாம். அவை பாட்டை வெட்டி ஒட்டித்தான் வேலை செய்யும், வயலின் வரும் இடத்தில் ஒரு நடுக்கம் ஏறிவிடும். வேகமாக ஓடிய கேசட்டில் வேகமும் சுருதியும் சேர்ந்தே கெட்டிருக்கும், ஆகவே சேர்த்தேதான் திருத்த வேண்டும்.

பொறுமை இருப்பவர்கள் கருவியிலேயே திருத்தலாம். பின்மூடியைக் கழற்றினால் மோட்டாரின் பின்பக்கம் சிறு துளை தெரியும். சில கருவிகளில் அது இல்லாமல் சர்க்யூட் போர்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும். வாட்ச் ரிப்பேர் ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு ஒரு நூல் அளவு திருப்பினாலே வேகம் மாறும். எந்தப் பக்கம் திருப்பினால் கூடும் என்பது மோட்டாருக்கு மோட்டார் வேறு. சோதனைக் கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருப்ப வேண்டும். திருப்பியதும் அரை நிமிடம் பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்து 3000-த்தில் நிறுத்திவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். என் எரிச்சலே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பக்கத்தின் தொடக்கத்தில் 3000 காட்டும் கருவி, பக்கம் முடியும்போது 2960 காட்டும். நாடா முழுக்க எதிர்ச் சக்கரத்தில் சேரச் சேர இழுவை மாறுகிறது. அதைத் தாங்கிப் பிடிக்க வேகத்தை நிலைநிறுத்தும் நல்ல மோட்டார் வேண்டும், சிறு ஆட்டத்தை அடக்கக் கனமான ஃப்ளைவீல் (சுழல் சக்கரம்) வேண்டும். இதில் இருக்கும் ஃப்ளைவீல் பொத்தான் அளவுக்கு மெலிந்த ஒன்று. பேட்டரியில் ஓட்டினால் பேட்டரி இறங்க இறங்க வேகமும் கூடவே இறங்கும். ஆகவே அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரே திருத்தம் போட்டால் போதாது. முதல் பாட்டுக்கு ஒன்று, நடுப்பாட்டுக்கு ஒன்று, கடைசிப் பாட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் போட வேண்டும். இந்த விலைக்கு இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்று கருத்துப் பகுதியில் எழுதுகிறார்கள். விலை குறைவு என்பதற்காக நாடா மெதுவாக ஓடலாமா? முப்பது வருடத்துக்கு முன் வளைகுடாவிலிருந்து வந்த டூ-இன்-ஒன்கள் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தவை) இதைவிட ஒழுங்காக ஓட்டின. அவற்றில் பெல்ட் மாற்றினால் இன்றும் ஓட்டும்.

வானொலியிலிருந்து பதிந்த கேசட்டுகளில் பேச்சு வரும் பகுதிக்கு நிறுவனப் பிரதி கிடையாது, அதனால் அங்கே இரண்டாவது வழி உதவாது. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. கரண்டில் ஓடிய டூ-இன்-ஒன்னில் பதிந்தவற்றில் அடியில் மெல்லிய ரீங்காரம் இருக்கும். ஆடாசிட்டியின் அலைவரிசைப் படத்தில் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது ஒரு முள்ளாக நிற்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கருவிக்குள் நேர்மின்சாரமாக மாற்றும்போது அது இரட்டிப்பாகிறது. முள் 103-ல் நின்றால் மூன்று சதவீதம் வேகம் என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். சொல்ல முடியாது. 90-களில் தென்மாநில மின்தொகுப்பு 50-ல் நின்றதே அபூர்வம், மாலை நேரத்தில் 48.5 பக்கம் இறங்கிக் கிடக்கும். மூன்று சதவீதம் அங்கேயே போய்விடும். ரீங்காரத்தை வைத்து அசல் வேகம் தெரியாது. ஒரே பக்கத்துக்குள் வேகம் எவ்வளவு நழுவுகிறது என்பது தெரியும், அந்த அளவில் அது பயன்தான்.

இனி மற்றக் குறைகள். ஒன்று மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியது. யு.எஸ்.பி. வயரைச் செருகியதும் பாட்டுக்குப் பின்னால் ‘ஙீ’ என்று ஒரு மெல்லிய கூச்சல் கேட்கும். கணினியும் கருவியும் ஒரு விநாடிக்கு ஆயிரம் முறை தரவு பரிமாறிக்கொள்கின்றன, அந்தத் துடிப்பு மின்வழியாக ஒலிக்குள் கசிகிறது. அதனால்தான் கூச்சல் சரியாக 1000 ஹெர்ட்ஸில் நிற்கிறது. அதன் மடங்குகள் 2000, 3000 ஆகியவற்றிலும் இருக்கும். ஆடாசிட்டியில், குறிப்பிட்ட ஓர் அலைவரிசையை மட்டும் வெட்டும் நாட்ச் வடிகட்டியை இந்த மூன்று எண்களிலும் குறுகலாக வைத்து ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். வரிசை முக்கியம். கூச்சலை முதலில் எடுங்கள், வேகத்தைப் பிறகு திருத்துங்கள். வேகத்தை முதலில் திருத்திவிட்டால் கூச்சலும் 970-க்கு நகர்ந்துவிடும். அப்புறம் 1000-த்தில் வடிகட்டி வைத்தால் பாட்டுதான் கொஞ்சம் குறையும், கூச்சல் அப்படியே நிற்கும்.

இதைவிடச் சுத்தமான வழி, யு.எஸ்.பி. வயரையே விட்டுவிடுவது. பேட்டரியில் ஓட்டி, ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினியில் செருகும் தனியான ஒலிப்பதிவு டாங்கிளுக்குக் கொடுக்கலாம். டாங்கிள் வாங்கும்போது ஸ்டீரியோ லைன்-இன் உண்டு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். மலிவானவற்றில் ஒற்றைத் தட மைக் துளைதான் இருக்கும். கருவியின் ஒலி அளவைப் பாதிக்குச் சற்று மேலே வைத்து, பாட்டின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் அப்புறம் யு.எஸ்.பி. கேசட் பிளேயர் என்ற பெயரில் எதற்குக் காசு கொடுத்தோம் என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

யு.எஸ்.பி. வழியாகவே எடுப்பவர்கள் விண்டோஸ் ஒலி அமைப்பில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கணினி இந்தக் கருவியை மைக் என்று எண்ணி ஒற்றைத் தடத்தில் வைத்திருக்கும், சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும் வசதியையும் போட்டு வைத்திருக்கும். பல்லவி முடிந்து வீணை மட்டும் வரும் இடத்தில் இரைச்சல் பொங்கி எழுவது அதனால்தான். இரண்டு தடம், 16 பிட், 44100 என்று மாற்றுங்கள். தானியங்கி வசதியை அணையுங்கள்.

நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு பற்றி யாரும் சொல்வதில்லை, ஆனால் பாட்டு ‘மூடி’க் கேட்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஹெட்டின் ஓரத்தில் சின்னத் திருகு இருக்கும், சிலவற்றில் மேல்மூடித் துளை வழியே எட்டும். கேசட்டை ஓடவிட்டு, இரண்டு தடத்தையும் ஒன்றாக்கிக் கேட்டுக்கொண்டே திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஜால்ராவும் ‘ச’கரமும் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ரெக்கார்டிங் சென்டர்களில் பதிந்த கேசட்டுகளுக்கு இது கேசட்டுக்குக் கேசட் மாறும், அந்தக் கடையின் டெக் எந்தச் சாய்வில் இருந்ததோ அந்தச் சாய்வு. அறுபதுகளின் தமிழ்ப் பாட்டெல்லாம் ஒற்றைத் தடப் பதிவுதான், அதனால் கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினால் இரைச்சல் குறையும் என்பது சரியே. ஆனால் சாய்வைச் சரிசெய்யாமல் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மேல் ஓசை செத்துவிடும். சாய்வைத் தொட மனமில்லை என்றால் இரண்டு தடத்தில் நன்றாக இருக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறியுங்கள்.

இரைச்சல் நீக்கும் வசதியை அளவோடு வையுங்கள். பாட்டு தொடங்குமுன் வரும் வெற்று நாடாவின் இரண்டு மூன்று விநாடியை மாதிரியாகக் கொடுத்து, 6 டெசிபல் குறைத்தால் போதும். 20 குறைத்தால் பி.பி. ஸ்ரீநிவாஸ் பேச்சிப்பாறை அணைக்குள் மூழ்கிக்கொண்டு பாடுவது போல இருக்கும்.

நம் ஊர்க் கேசட் என்றால் பூஞ்சைக் கணக்குத் தனி. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் இங்கே பெய்யும். பரணில் கிடந்த கேசட்டின் சன்னல் வழியே பார்த்தால் நாடாச் சுற்றின் மேல் வெள்ளைப் பொடி தெரியும். அதை அப்படியே கருவியில் போட்டால் ஹெட் அடைபடும், அடுத்து வரும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும். வெயில் அடிக்கும் நாளில் வாசலில் உட்கார்ந்து, மூக்கை மூடிக்கொண்டு, பென்சிலால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே உலர்ந்த மென்துணியை நாடாவில் தொட்டுப் பிடியுங்கள். ஐந்து திருகு போட்ட கேசட் என்றால் திறந்து சக்கரங்களை வேறு நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம். ஒட்டி மூடிய கூடு என்றால் ஓரத்தில் கத்தி வைத்து நெம்ப வேண்டும், பழைய கூடு திரும்பப் பயன்படாது. குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் என்று கடலோர வீடுகளிலிருந்து வரும் கேசட்டுகளில் நாடாவை அழுத்தும் மெல்லிய தகடு பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், அதில் ஒட்டியிருக்கும் பஞ்சும் கழன்று விழுந்திருக்கும். பஞ்சு இல்லாவிட்டால் இந்தக் கருவியில் பாட்டு வந்து வந்து போகும். வேறு கேசட்டின் தகட்டை எடுத்து மாட்டுங்கள். எல்லாவற்றுக்கும் பிறகு, பதிவு தொடங்குமுன் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டி, ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காதுக் குச்சியால் துடையுங்கள்.

இனி குழுவுக்கு வருவோம். ஒரு பக்கத்தை டபிள்யூ.ஏ.வி. வடிவில் எடுத்தால் நிமிடத்துக்குப் பத்து எம்.பி. ஆகும், அறுபது நிமிடக் கேசட்டுக்கு 600 எம்.பி. அதை வீட்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு 192 கே.பி.பி.எஸ். எம்.பி.3 போதும், நிமிடத்துக்கு ஒன்றரை எம்.பி.க்குள் அடங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘ஆடியோ’ என்று இணைத்தால் நாம் பொறுமையாக வைத்த பெயர் போய், ஏ.யு.டி. என்று தொடங்கித் தேதியும் எண்ணும் கொண்ட ஒரு பெயர்தான் எதிராளிக்குப் போகும். ‘டாக்குமென்ட்’ என்று இணைத்தால் பெயர் அப்படியே போகும். ஸ்பீக்கரில் ஓடும் பாட்டின் முன் போனைப் பிடித்துக் குரல் செய்தியாக அனுப்புபவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அது பேச்சுக்காகச் சுருக்கிய வடிவம், இசைக்கு ஒத்துவராது. டெலிகிராமில் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், கோப்புக்குள் எழுதிய பாடல் பெயரும் பாடகர் பெயரும் திரையில் தெரியும். நீளத் தொகுப்புக்கு அதுதான் வசதி. ஆனால் குமரியில் அம்மாவன், சித்தப்பா எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள், அதனால் நடப்பது வாட்ஸ்அப்பில்தான்.

கோப்புக்குள் பெயரைத் தமிழில் எழுதும்போது பழைய வகைக் குறிப்பில் ஒரு கட்டத்துக்கு 30 பைட்டுகள்தான் இடம். யூனிகோடு தமிழில் எழுத்து, கால், கொம்பு, புள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு போகும், ஆக மொத்தம் பத்துக் குறிகள். ‘டி.எம். சௌந்தரராஜன்’ பாதியில் அறுந்துவிடும். புதிய வகைக் குறிப்பில், அதாவது ஐ.டி.3 இரண்டாம் பதிப்பில் எழுதுங்கள், நீளக் கணக்கு இல்லை. காரில் கேட்கும் நண்பர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று சொன்னால், கோப்புப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக் கொடுங்கள்.

இசையமைப்பாளர் பெயரைப் போடும்போது கொஞ்சம் கவனம். இணையத்தில் கிடக்கும் பெயர்களை நகலெடுத்தால் விஸ்வநாதன் – ராமமூர்த்தி பாட்டெல்லாம் எம்.எஸ். விஸ்வநாதன் என்று மட்டும் நிற்கும். 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு இருவரும் பிரிந்தார்கள். அதற்கு முந்தைய கூட்டுப் படங்களில் ராமமூர்த்தி பெயர் விடுபடக் கூடாது. கே.வி. மகாதேவன் பாட்டை எம்.எஸ்.வி. என்று போட்டால் நாகர்கோவில்காரர்கள் விடமாட்டார்கள். அவர் பிறந்த கிருஷ்ணன்கோவில் இந்த ஊருக்குள்ளேதான் இருக்கிறது, பெயரின் முதல் எழுத்தே அதுதான். இசையமைப்புக்கு முதல்முறையாகத் தேசிய விருது கொடுத்தபோது வாங்கியவர் அவர், 1967-இன் ‘கந்தன் கருணை’க்கு. திரையுலகம் அவரை ‘மாமா’ என்றுதான் அழைத்தது. “லேய், அது மாமா பாட்டுடே, மாத்துல” என்று வரும் செய்தியில் கோபம் பாதி, ஊர்ப் பெருமை பாதி.

இனி சொல்லப்போவது மேலே எழுதியதற்கெல்லாம் எதிராகப் போகும். இந்தக் கருவியால் குழுவுக்கு வந்த நல்லது பாட்டு இல்லை. பாட்டு எல்லாமே இணையத்தில் இதைவிடத் தெளிவாகக் கிடைக்கிறது. ஒன்றிரண்டு அபூர்வப் பாட்டைத் தவிர கேசட்டிலிருந்து எடுத்துத்தான் கேட்க வேண்டும் என்பது ஒன்றுமில்லை. வந்தது, பாட்டுக்கு இடையில் இருந்தவை.

இலங்கை வானொலியின் மத்திய அலை உப்புக் கடலைத் தாண்டி இங்கே உள்ளூர் நிலையம் போல் விழுந்த காலம் உண்டு. உப்புநீர் மத்திய அலைக்கு நல்ல பாதை, அதனால்தான் மலைக்கு அப்பால் இருப்பவர்களைவிடக் கடற்கரைக்காரர்களுக்கு அது தெளிவாகக் கேட்டது. ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி ஓடும்போது டூ-இன்-ஒன்னில் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பதிந்த கேசட்டுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அவற்றில் பாட்டின் முதல் வரி விழுந்திருக்காது, கடைசியில் அறிவிப்பாளர் குரல் ஏறி வந்துவிடும். அந்தக் குரலுக்காகத்தான் குழுவில் கூட்டம் கூடுகிறது. கே.எஸ். ராஜாவா, அப்துல் ஹமீதா என்று அரை நாள் வாதம் நடக்கும். அதே கேசட்டின் மறுபக்கத்தில் 1984-இல் தொடங்கிய நாகர்கோவில் வானொலியின் நேயர் விருப்பம் இருந்தால், வாசித்த ஊர்ப் பெயர்களை வைத்து ஒரு தனிப் பேச்சு: அருமனை, திற்பரப்பு, இரணியல், ராஜாக்கமங்கலம். எந்த இசை நிறுவனத்தின் பிரதியிலும் இது கிடையாது.

ரெக்கார்டிங் சென்டர் கேசட்டும் அப்படியே. பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியவை. ஏ பக்கம் கண்ணதாசன் பாட்டு, பி பக்கம் தேவராஜனும் யேசுதாசும் என்று தமிழும் மலையாளமும் ஒரே கேசட்டில் இருப்பது விளவங்கோடு, கல்குளம் பக்கம் சாதாரணம். திருவட்டாறில் பிறந்த கமுகற புருஷோத்தமனின் மலையாளப் பாட்டு ஒன்று, தமிழ்ப் பாட்டு இரண்டுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். அந்த வரிசையைக் கலைக்காமல் ஒரு பக்கத்தை ஒரே கோப்பாக அனுப்பினால் பேச்சு ஓடும். தனித்தனிப் பாட்டாக வெட்டி அனுப்பினால் ஒரு கைதட்டல் படம் வரும், அவ்வளவுதான். ஆகவே இரண்டு வகையாகவும் வைத்துக்கொள்ளுங்கள்: காருக்கு வெட்டியது, குழுவுக்கு வெட்டாதது. வேகத் திருத்தத்தை வெட்டாத கோப்பிலேயே பாட்டுப் பாட்டாகத் தேர்ந்தெடுத்துப் போடலாம், அறிவிப்பாளர் பேச்சு அவருக்கு முந்தைய பாட்டோடு சேரட்டும்.

ஒரு எச்சரிக்கை. வளைகுடாவுக்கும் வீட்டுக்கும் கேசட்டிலேயே பேசி அனுப்பிய காலம் இருந்தது. பாட்டுக் கேசட்டின் கடைசிப் பத்து நிமிடத்தில், பாட்டு முடிந்த பிறகு, யாரோ ஒருவர் கடன் கணக்கு பேசிக்கொண்டிருக்கலாம், பெண் பார்த்த விஷயம் பேசலாம். கோப்பைக் குழுவில் ஏற்றுமுன் கடைசி வரை கேளுங்கள். வீட்டுக் குரல் இருந்தால் அதைத் தனியாக எடுத்து அந்த வீட்டாரிடம் மட்டும் கொடுங்கள்.

உரிமைச் சட்டத்தையும் ஒரு வார்த்தை. ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாட்டு, இசை ஆகியவற்றுக்கு எழுதியவர், இசையமைத்தவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள். யூடியூபில் ஏற்றினால் தானியங்கி அடையாளம் காணும் ஏற்பாடு உடனே பிடித்துவிடும். வேகத்தை மாற்றினால் பிடிபடாது என்று சிலர் வேண்டுமென்றே ஓட்டி ஏற்றுகிறார்கள். இணையத்தில் சுருதி கெட்ட பிரதிகள் பெருகிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்தக் கருவியின் மேல் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். விலை பாதியானாலும் வேண்டாம். வீட்டில் பழைய டூ-இன்-ஒன் கிடந்தால் அதற்கு பெல்ட் மாற்றி, ஹெட்ஃபோன் துளையிலிருந்து டாங்கிளுக்குக் கொடுங்கள். ஒழுங்கான ஃப்ளைவீல், ஒழுங்கான மோட்டார், வேகம் நிற்கும். அதுவும் இல்லை, கேசட்டும் நாலைந்துதான் என்றால், ஏற்கெனவே இந்தக் கருவி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். என்னுடையதை விற்கச் சொல்லிக் கேட்காதீர்கள், கொடுக்கமாட்டேன்.

வைத்திருப்பவர்களுக்கு பெல்ட் விவரம். பழையது கீல் போல உருகி ஒட்டியிருந்தால் ஆல்கஹால் தொட்ட காதுக் குச்சியால் சக்கரத்தின் பள்ளம் முழுக்கத் துடையுங்கள். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் புது பெல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துள்ளு துள்ளும், பாட்டில் அது நடுக்கமாகக் கேட்கும். உருகாமல் தளர்ந்து மட்டும் இருந்தால் அதை வெட்டி, இழுக்காமல் நேராக வைத்து அளந்து, அதைவிட ஐந்து சதவீதம் குறைவான சுற்றளவில் சதுர வெட்டு பெல்ட் வாங்குங்கள். தட்டையானது பள்ளத்தில் நிற்காது. மாட்டும்போது விரல் படக் கூடாது, சாமணம் பயன்படுத்துங்கள். மாட்டிய பிறகு வேகத்தை உடனே அளக்க வேண்டாம். ஒரு கேசட் இரண்டு பக்கமும் ஓடி பெல்ட் படிந்ததும் 3000 ஹெர்ட்ஸ் கேசட்டைப் போடுங்கள்.